தவளையை அழைத்துத் தின்னும் புழு

தவளையைச் சுற்றிச் செத்த ஈக்களைக் குவித்து வைத்தாலும் அது பட்டினி கிடந்தே சாகும். ஈ அசைய வேண்டும். அசையாத ஈ, தவளையின் கணக்கில் உணவே அல்ல.

இது ஏன் என்பதற்கு 1959இல் ஒரு விளக்கம் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேலை பார்த்த ஜெரோம் லெட்வின், உம்பெர்ட்டோ மத்துரானா, வாரன் மெக்கல்லக், வால்டர் பிட்ஸ் ஆகிய நால்வரும் தவளையின் பார்வை நரம்பில் மிக நுண்ணிய மின்முனைகளைப் பொருத்தி, கண்ணிலிருந்து மூளைக்கு என்ன செய்தி போகிறது என்று கேட்டார்கள். எதிரில் இருக்கும் காட்சி முழுவதும் அப்படியே போகும் என்றுதான் அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். அப்படிப் போகவில்லை. கண்ணே பாதி வேலையை முடித்துவிடுகிறது. நரம்பிழைகளில் ஒரு வகை, சிறியதாக, கருமையாக, ஓரம் வளைந்த ஏதாவது ஒன்று பார்வைக்குள் நகர்ந்து வந்தால் மட்டும் துடிக்கிறது. பின்னணியில் புல் ஆடினாலும் ஒளி மாறினாலும் அது சட்டை செய்வதில்லை. பூச்சி என்று முடிவெடுக்கும் வேலை விழித்திரையிலேயே தொடங்கிவிடுகிறது.

அடுத்த இருபது ஆண்டுகளில் ஜெர்மனியின் யோர்க்-பீட்டர் ஏவர்ட் இதைத் தேரையை வைத்து இன்னும் துல்லியமாகக் காட்டினார். ஒரு சிறு அட்டைத் துண்டு போதும். அதைப் படுக்கவைத்து, நீளவாக்கில் நகர்த்தினால் தேரை திரும்பும், நெருங்கும், நாக்கை வீசும். அதே துண்டை நிமிர்த்தி வைத்து, அதே வேகத்தில், அதே திசையில் நகர்த்தினால் தேரை ஏறெடுத்தும் பார்க்காது. சில வேளை பம்மிக்கொள்ளும். நீண்டு கிடப்பது தன் நீளத்தின் திசையிலேயே நகர்ந்தால் அது புழு. தேரைக்கு அவ்வளவுதான் இலக்கணம்.

இந்த இரண்டு ஆய்வுகளையும் பாடப்புத்தகங்கள் நரம்பியல் அத்தியாயத்தில் வைக்கின்றன. நான் இங்கே அவற்றைக் கொண்டுவந்தது ஒரு வண்டுக்காக. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளாகத் தவளைக் குலத்துக்குச் சோறு போட்டுவரும் இந்தக் கண்ணை, அதே கண்ணைக் கொண்டே ஏமாற்றிப் பிழைக்கும் ஒரு வண்டுப் பேரினம் இருக்கிறது. பெயர் எபோமிஸ்.

தரை வண்டுகள் என்பது மிகப் பெரிய குடும்பம். உலகில் பெயரிடப்பட்டவை மட்டும் ஏறத்தாழ 40,000 இனங்கள். பெரும்பாலானவை இரவில் வெளியே வரும். பறப்பதைவிட ஓடுவதை விரும்பும். கையில் அகப்படும் புழு பூச்சிகளைத் தின்னும். நம் வயல்களிலும் இவை உண்டு. நெற்பயிரில் இலைச்சுருட்டுப் புழுவின் சுருளுக்குள்ளேயே புகுந்து அதைத் தின்னும், புகையானையும் விடாத, செம்பழுப்பும் கறுப்புமான ஒல்லி வண்டு ஒன்று உண்டே, ஓஃபியோனியா, அது இந்தக் குடும்பம்தான். வறண்ட மண்ணில் ஓடும், கறுத்த முதுகில் ஆறு வெள்ளைப் பொட்டு வைத்த ஆந்தியா வண்டும் இதே குடும்பம். எபோமிஸுக்கு இன்னும் நெருங்கிய பங்காளி கிளேனியஸ் என்ற பேரினம். பச்சையும் வெண்கலமுமாக மின்னும் முதுகு, சில இனங்களில் மஞ்சள் விளிம்பு, தொட்டால் கையில் ஒட்டிக்கொள்ளும் மருந்து நெடி. இதன் இனங்களும் நெல் வயல் ஓரங்களில் உண்டு. இவையெல்லாம் தவளைக்கு உணவாகிற சாதி. தவளையின் வயிற்றைப் பிளந்து பார்த்த ஆய்வாளர்கள் தரை வண்டுகளையும் அவற்றின் புழுக்களையும் அங்கே வழக்கமாகவே கண்டிருக்கிறார்கள்.

எபோமிஸ் என்ற பேரினத்தை 1810இல் பிரித்துக் காட்டியவர் இத்தாலியின் பொனெல்லி. சுமார் முப்பது இனங்கள்; ஆப்பிரிக்கா, ஆசியா, தெற்கு ஐரோப்பா என்று பழைய உலகம் முழுக்கப் பரவியவை. வளர்ந்த வண்டு 2 செ.மீ. அளவு இருக்கும். கருநீலமோ கரும்பச்சையோ கலந்த பளபளப்பு, சிறகுறையின் ஓரத்தில் மஞ்சளோ ஆரஞ்சோ ஒரு கரை. பார்க்க அழகான வண்டு. சேகரிப்பாளர்களின் பெட்டிகளில் இரண்டு நூற்றாண்டாகக் குத்தி வைக்கப்பட்டிருந்தது. அதன் புழு எதைத் தின்று வளர்கிறது என்று அக்கறையோடு கேட்டவர்கள் மிகக் குறைவு. ஜப்பானில் எபோமிஸ் நைக்ரிகன்ஸ் என்ற இனத்தின் புழு தவளையைப் பிடிக்கிறது என்ற செய்தி 1980களிலேயே வந்தது. அது பெரிதாகப் பேசப்படவில்லை. வண்டுக்காரர்கள் தவளை இதழ்களைப் படிப்பதில்லை, தவளைக்காரர்கள் வண்டு இதழ்களைப் படிப்பதில்லை. அறிவியலில் பல நல்ல செய்திகள் இந்த இடைவெளியில்தான் விழுந்து கிடக்கின்றன.

இஸ்ரேலின் கடலோரச் சமவெளியில் மழை குளிர்காலத்தில் மட்டும் பெய்யும். கோடையில் ஒரு துளியும் கிடையாது. பள்ளங்களில் தேங்கும் மழைக்குட்டைகள் சில மாதங்களே தாக்குப்பிடிக்கும். பச்சைத் தேரை, மரத்தவளை, நீர்த்தவளை, பல்லி போல் வாலுள்ள வரிபோட்ட நியூட் என்று அந்த நாட்டின் இருவாழ்விகள் இந்தக் குட்டைகளை நம்பியே முட்டையிடுகின்றன. குட்டை வற்றுவதற்குள் தலைப்பிரட்டைகள் கால் முளைத்துக் கரையேறியாக வேண்டும். வசந்தத்தில் கரையேறும் குஞ்சுத் தவளைகள் ஒன்றிரண்டு செ.மீ.தான் இருக்கும்; ஆயிரக்கணக்கில் ஈரமண்ணில் சிதறிக் கிடக்கும். எபோமிஸ் புழுக்களும் அதே ஈரக் கரையில், அதே பருவத்தில் இருக்கின்றன.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் அவிட்டல் காசித் குழுவினர் 2007இல், குஞ்சுத் தவளைகளின் உடம்பில் வண்டுப் புழுக்கள் கவ்விக்கொண்டிருப்பதையும் அவற்றைத் தின்று தீர்ப்பதையும் விரிவாகப் பதிவு செய்தார்கள். அதற்குப் பிறகு எழுந்த கேள்விதான் சுவையானது. புழுவுக்கு ஓடத் தெரியாதா என்றால் தெரியும். ஆனால் தவளை தாவும். தரையோடு ஓடும் ஒன்று, ஒரே தாவலில் மறைந்துவிடும் ஒன்றை எப்படி எட்டுகிறது?

கில் வைசன் என்ற இளம் ஆய்வாளர் காசித்தோடு சேர்ந்து இதற்கு விடை கண்டார். எபோமிஸ் டெஜானி, எபோமிஸ் சர்க்கம்ஸ்கிரிப்டஸ் என்ற இரண்டு இனங்களின் புழுக்களை ஆய்வகத்தில் வளர்த்து, ஒவ்வொன்றையும் ஓர் இருவாழ்வியோடு ஒரே பெட்டியில் விட்டுப் படம் பிடித்தார்கள். ஏறக்குறைய 400 முறை. 2011இல் பிளாஸ் ஒன் இதழில் வந்தது முடிவு: புழு தவளையைத் தேடிப் போவதில்லை. தவளைதான் புழுவிடம் வருகிறது. வரவழைப்பது புழு.

அந்தக் காட்சியை மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். புழு தரையில் அசையாமல் கிடக்கிறது. நீண்ட வெளிர் உடம்பு, தட்டையான தலை, தலையின் முன்னே அரிவாள் போல வளைந்த இரண்டு தாடைகள், அவற்றுக்கு இருபுறமும் மெல்லிய உணர்கொம்புகள். தவளை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. அது அசைந்ததும் புழு தலையைத் தூக்குகிறது. தாடைகளைத் திறக்கிறது, மூடுகிறது. உணர்கொம்புகளை இடமும் வலமும் ஆட்டுகிறது. உடம்பு கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. தலைமாட்டில் மட்டும் ஒரு நெளிவு. தவளையின் கண்ணுக்கு அது போதும். சின்னதாக ஏதோ துடிக்கிறது. தவளை திரும்புகிறது, இரண்டடி எடுத்து வைக்கிறது. தூரம் குறையக் குறையப் புழுவின் ஆட்டம் வேகம் பிடிக்கிறது.

பிறகு நடப்பதைக் கண்ணால் பின்தொடர முடியாது. தவளை நாக்கை வீசி இரையை இழுத்துக்கொள்ள நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ஓர் ஆய்வில் 0.07 நொடிக்கும் குறைவு என்று அளந்திருக்கிறார்கள். அந்த நாக்கு வரும் கணத்தில் புழு தலையை ஒதுக்கி, நாக்குக்குத் தப்பி, தவளையின் வாயோரத்தையோ தொண்டையையோ கவ்விவிடுகிறது. தாடை ஒவ்வொன்றிலும் இரட்டைக் கொக்கி. ஒருமுறை மாட்டினால் கழலாது. தவளை முன்கால்களால் பிறாண்டுகிறது, புரள்கிறது, தாவுகிறது. புழு அதன் கூடவே தாவுகிறது. தவளையின் தோலில் செதிலோ ரோமமோ இல்லை. ஈரமும் மென்மையுமான அந்தத் தோல் மூச்சுவிடவும் உதவுவது. கொக்கிக்கு இதைவிட வசதியான இடம் கிடைக்காது.

சுமார் 400 மோதல்களில் 98 சதவீதத்தில் வென்றது புழு. இதைப் படித்தபோது எனக்கு வியப்பு தந்தது இந்த 98 அல்ல, மீதி இரண்டு. சில தடவை தவளையின் நாக்கு முந்திக்கொண்டு புழுவை வாய்க்குள் இழுத்துவிட்டது. அப்போதும் தவளை பிழைக்கவில்லை. வாய்க்குள் போன புழுவைத் துப்ப வேண்டியதாயிற்று; துப்பிய புழு திரும்பவும் கவ்வியது. ஒரு தேரை புழுவை முழுசாக விழுங்கியேவிட்டது. இரண்டு மணி நேரம் கழித்து அதை வாந்தி எடுத்தது. தேரையின் வயிற்றில் இரண்டு மணி நேரம் கிடந்த புழு உயிரோடு வெளியே வந்து, தன்னை விழுங்கிய அதே தேரையைப் பற்றித் தின்று முடித்தது.

விழுங்கப்பட்ட பூச்சி உயிரோடு திரும்புவது இது ஒன்றில் மட்டும் அல்ல. ஜப்பானின் கோபே பல்கலைக்கழகத்தில் ஷின்ஜி சுகியுராவும் தகுயா சாத்தோவும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், தரை வண்டுக் குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரான குண்டுவீச்சு வண்டைத் தேரைகளுக்குத் தின்னக் கொடுத்தார்கள். விழுங்கப்பட்ட வண்டு தேரையின் வயிற்றுக்குள்ளேயே தன் கொதிக்கும் ரசாயனத்தைப் பீய்ச்சியது. 43 சதவீதத் தேரைகள் 12 முதல் 107 நிமிடங்களுக்குள் வாந்தி எடுத்தன. வண்டுகள் நடந்து போயின. ஆனால் அந்த வண்டு தப்பிக்கிறது, அவ்வளவுதான். தேரையை அது திருப்பித் தின்பதில்லை. எபோமிஸ் புழு தப்பிப்பதோடு நிற்பதில்லை.

கவ்விய பிறகு நடப்பது நேரம் பிடிக்கும் வேலை. அண்மையில் முட்டையிலிருந்து வந்த சின்னஞ்சிறு புழு முதலில் அட்டை போல ஒட்டிக்கொண்டு உடல் திரவங்களை உறிஞ்சுகிறது. வயிறு நிரம்பினால் சில சமயம் விழுந்துவிடுகிறது, தோலுரிக்கிறது, அடுத்த தவளைக்குக் காத்திருக்கிறது. தரை வண்டுகளின் வழக்கப்படி அதற்கு மூன்று புழுப் பருவங்கள். வளர வளர உறிஞ்சுவது மெல்லுவதாக மாறும். கடைசிப் பருவத்துப் புழு தின்றுவிட்டுப் போன இடத்தில் கொஞ்சம் எலும்புகள்தான் மிஞ்சும். காணொளி இணையத்தில் கிடைக்கிறது. சாப்பிட உட்காரும் முன் பார்க்க வேண்டாம்.

இதை ஒட்டுண்ணி என்பதா, வேட்டையாடி என்பதா? முதல் பருவத்தில் உயிரோடிருக்கும் ஓர் உடம்பில் ஒட்டி உறிஞ்சுவதால் ஒட்டுண்ணி என்று சொல்லத் தோன்றும். ஆனால் ஒட்டுண்ணிக்குத் தன் வீடு நிலைத்திருப்பது நல்லது. எபோமிஸ் வீட்டையே தின்றுவிடுகிறது, அடுத்த வீட்டுக்குப் போகிறது. வேட்டையாடி என்ற பெயரே பொருந்தும் என்பது என் எண்ணம். அதிலும் வேறு எதையும் தின்னாத வேட்டையாடி. இந்தப் புழுக்களுக்கு மண்புழு, பூச்சி, பூச்சிப் புழு எதை வைத்தாலும் பயனில்லை. இருவாழ்வி மட்டும்தான் உணவு.

முதிர்ந்த வண்டு அவ்வளவு பிடிவாதக்காரன் அல்ல. பூச்சிகளையும் தின்னும். ஆனால் தவளையை விட்டுவைக்கவும் செய்யாது. இங்கே தந்திரம் வேறு. வண்டு ஆட்டம் காட்டி வரவழைப்பதில்லை. பின்னால் வந்து முதுகில் ஏறுகிறது. முன்னங்கால்களால் பற்றிக்கொண்டு தவளையின் இடுப்புக்கு அருகே, முதுகின் கீழ்ப்பகுதியில், குறுக்காக வெட்டுகிறது. வெட்டுவது பின்னங்காலை இயக்கும் தசைகளை. தவளையின் முக்கிய ஆயுதம் தாவல். அதற்கான தசை அறுந்ததும் தவளை இருந்த இடத்தில் இருக்க வேண்டியதுதான். தன்னைவிடப் பலமடங்கு கனமான தவளையையும், நியூட்டையும்கூட, வண்டு இப்படி வீழ்த்துகிறது. பிறகு அவசரமில்லாமல் தின்கிறது.

வைசனும் காசித்தும் வெளியில் கண்ட இன்னொரு செய்தி எனக்கு இந்த வெட்டைவிடவும் விசித்திரமாகப் படுகிறது. பகல் வெயிலில் வண்டும் தவளையும் ஒரே கல்லின் அடியில், ஒரே ஈரத்தில், பக்கத்தில் பக்கத்தில் ஒதுங்கிக் கிடக்கின்றன. சண்டை இல்லை. பொழுது சாய்ந்து இரண்டும் வெளியே வந்த பிறகுதான் ஒன்று மற்றொன்றுக்கு இரையாகிறது.

இனி அந்தக் கண்ணுக்குத் திரும்பலாம். எபோமிஸ் பற்றி எழுதப்பட்ட செய்திகளில் ஒன்றுக்குமேல் ஒன்று தவளையை முட்டாள் ஆக்குகின்றன. 'கொலைகார வண்டு, ஏமாளித் தவளை' என்ற வகைத் தலைப்புகள். எனக்கு இதில் உடன்பாடில்லை. தவளை செய்வது சரியான செயல். ஈரமண்ணில் சின்னதாக ஒன்று நெளிந்தால் அது தின்னத்தக்கது என்பது ஏறக்குறைய எப்போதும் உண்மை. நெளிவதையெல்லாம் நின்று நிதானித்து ஆராயும் தவளை ஒன்று பிறந்தால், அது எபோமிஸிடம் தப்பலாம். ஆனால் அதற்கு முன்பே ஆயிரம் ஈயையும் புழுவையும் தவறவிட்டுப் பசியில் செத்திருக்கும். குஞ்சுத் தவளை கரையேறும்போது வால் கரைந்த சக்திதான் அதன் கையிருப்பு. முதல் சில நாட்களில் அது நிறையத் தின்றாக வேண்டும். தயங்க நேரமில்லை.

1979இல் ரிச்சர்ட் டாக்கின்ஸும் ஜான் கிரெப்ஸும் வேட்டையாடிக்கும் இரைக்கும் இடையே நடக்கும் பரிணாமப் போட்டியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் ஒரு பழைய கதையைப் பிடித்துக்கொண்டு ஒரு கொள்கையைச் சொன்னார்கள்: முயல் உயிருக்காக ஓடுகிறது, நரியோ ஒருவேளைச் சாப்பாட்டுக்காக ஓடுகிறது. தோற்றால் முயலுக்குப் போவது உயிர், நரிக்குப் போவது ஒரு வேளை உணவு. எனவே முயல் மேல் இயற்கைத் தேர்வு இறுக்கமாகப் பிடிக்கும். அதே கட்டுரையில் அவர்கள் அரிதான எதிரியைப் பற்றியும் பேசினார்கள். ஓர் எதிரி ஒரு விலங்கின் வாழ்நாளில் எப்போதாவது ஒருமுறைதான் குறுக்கிடுமானால், அதற்கு எதிராகத் தற்காப்பு உருவாவது கடினம்; ஏமாறாமல் இருப்பதற்கான செலவு, ஏமாறுவதால் வரும் நட்டத்தைவிட அதிகமாகிவிடும்.

எபோமிஸ் புழு இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்திருக்கிறது. தவளை நினைப்பது ஒரு வாய்ச் சோறு என்று. உண்மையில் பணயம் அதன் உயிர். புழுவுக்கோ ஒரே மோதலில் சோறும் உயிரும் பணயம். தவறினால் அது தவளையின் வயிற்றில். அதனால்தான் புழுவின் பக்கம் இரட்டைக் கொக்கியும், நாக்குக்கு முந்தும் வேகமும், வயிற்றில் போனாலும் சாகாத உறுதியும் செதுக்கப்பட்டிருக்கின்றன. தவளையின் பக்கம் ஒன்றும் மாறவில்லை. மாறத் தேவையும் ஏற்படவில்லை. எபோமிஸ் அரிதாக இருக்கும்வரை தவளைக்கு அந்தப் பழைய இலக்கணமே லாபம். வேறுவிதமாகச் சொன்னால், ஒரு தவளை ஏமாற வேண்டுமானால் ஆயிரம் தவளைகள் அதே கண்ணை நம்பி வயிறு நிறைத்திருக்க வேண்டும். எபோமிஸ் பெருகி, கரையில் நெளிவதில் பாதி எபோமிஸ் என்று ஆகிவிட்டால், அந்தத் தந்திரமே செத்துவிடும். கூடவே தவளைக்குக் கற்றுக்கொள்ளவும் வழியில்லை. கசக்கும் பூச்சியைத் தின்ற தேரை அடுத்த முறை அதை ஒதுக்கும். அனுபவம் அதற்குப் பாடம். எபோமிஸைத் தொட்ட தவளைக்கு அடுத்த முறை என்று ஒன்று அநேகமாக இல்லை.

ஏமாற்றி வரவழைத்து வேட்டையாடும் விலங்குகள் வேறு பலவும் உண்டு. ஆழ்கடல் தூண்டில் மீன் தலையில் ஒரு விளக்கைத் தொங்கவிடுகிறது. அமெரிக்க ஆறுகளின் முதலை ஆமை வாயைத் திறந்து நாக்கு நுனியைப் புழுப்போல் நெளிக்கிறது. போட்டூரிஸ் என்ற மின்மினிப் பெண் வேறு இனப் பெண்ணின் ஒளிச் சமிக்ஞையைக் காட்டி, நம்பி வரும் ஆணைத் தின்கிறது. ஜேம்ஸ் லாய்ட் 1965இல் இதை விவரித்தார். இவற்றிலெல்லாம் தூண்டில் ஒரு பொய். விளக்கு உணவல்ல, நாக்கு புழுவல்ல, மின்னியவள் மணமகள் அல்ல. எபோமிஸ் புழு காட்டுவது பொய்யே அல்ல. அது உண்மையிலேயே ஒரு வண்டுப் புழு; தவளை வழக்கமாகத் தின்னும் சாதியில் வந்தது. இரை, தூண்டில், தூண்டில்காரன் மூன்றும் ஒரே உடம்பு.

இதைவிட முக்கியமான வேறுபாடும் ஒன்று உண்டு. தூண்டில் மீன் பெரும்பாலும் தன்னைவிடச் சிறியதை வரவழைக்கிறது. வந்தது தப்பிப் போனால் மீனுக்கு நட்டம் ஒன்றுமில்லை. புழு வரவழைப்பது தன்னைத் தின்ன வருவதை. உயிரினங்களில் பெரியது சிறியதைத் தின்பதே பொது வழக்கு. விதிவிலக்காகப் பூச்சி முதுகெலும்பியைத் தின்பதும் உண்டுதான். குளங்களில் வாழும் ராட்சத நீர்ப்பூச்சி, தவளையையும் சிறு மீனையும் பிடித்துக் குத்தி உறிஞ்சும். கும்பிடுபூச்சி பல்லியைப் பிடித்த படங்களும் இருக்கின்றன. அவற்றுக்குத் தவளை பல இரைகளில் ஒன்று, அகப்பட்டால் உண்டு. தன்னைத் தின்பவனை மட்டுமே தின்று வாழ்வேன் என்று வாழ்க்கையையே தலைகீழாக நிறுத்திய இன்னொன்றைக் காட்டுவது கடினம்.

இது எப்படித் தொடங்கியிருக்கும்? வைசனும் காசித்தும் முன்வைக்கும் ஊகம் நியாயமாகத் தோன்றுகிறது. முன்னோர்கள் சாதாரணத் தரை வண்டுப் புழுக்களாக இருந்திருக்க வேண்டும்; தவளைகள் அவற்றைத் தின்றன. நாக்கு நெருங்கும்போது திருப்பிக் கடித்த புழுக்கள் பிழைத்தன. முதலில் தற்காப்பாக இருந்த கடி, தவளை உதறி ஓடினாலும் விடாத பிடியாகி, பிடித்த இடத்தில் உறிஞ்சுவதாகி, கடைசியில் தவளையே உணவாகியிருக்கலாம். உணர்கொம்புகளை ஆட்டுவது தரை வண்டுப் புழுக்களுக்குப் புதிதல்ல. சுற்றுப்புறத்தைத் துழாவ அவை ஆட்டத்தான் செய்யும். தவளை நெருங்கும்போது அந்த ஆட்டம் மிகுந்த புழுவுக்கு அதிகத் தவளை கிடைத்தது என்றால், அழைப்பு அங்கிருந்து பிறந்துவிடும். ஏவர்டின் அட்டைத் துண்டும் இந்த உணர்கொம்பும் தேரையின் ஒரே நரம்பைத்தான் தட்டுவதாகத் தோன்றுகிறது. ஒன்றை ஜெர்மனியில் ஓர் அறிஞர் திட்டமிட்டு நகர்த்தினார், மற்றொன்றைத் திட்டமே இல்லாத ஒரு தேர்வு லட்சக்கணக்கான தலைமுறைகளில் நகர்த்தக் கற்றுக்கொடுத்தது.

இவ்வளவு நுட்பமான பிழைப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. புழு இருவாழ்வியைத் தவிர வேறு எதையும் தின்னாது. 2023இல் நேச்சர் இதழில் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி இருவாழ்வி இனங்களில் ஏறக்குறைய 41 சதவீதம் அழியும் நிலையில் இருக்கின்றன. முதுகெலும்பிகளில் இவ்வளவு மோசமான நிலையில் வேறு எந்த வகுப்பும் இல்லை. இஸ்ரேலின் கடலோரச் சமவெளி அந்நாட்டின் மக்கள் நெருக்கமான பகுதி. அங்கே மழைக்குட்டை என்பது வீடு கட்டவோ சாலை போடவோ எளிதாக நிரப்பக்கூடிய பள்ளம். வடக்கே ஹூலா சதுப்பு நிலத்தை 1950களில் வடித்தபோது அதற்கே உரிய ஹூலாப் புள்ளித் தவளை கண்ணிலிருந்து மறைந்தது. 1996இல் அழிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். 2011இல், எபோமிஸ் கட்டுரை வெளிவந்த அதே ஆண்டு, அந்தத் தவளை அங்கேயே உயிரோடு மீண்டும் கிடைத்தது. உலகச் செய்தியானது.

தவளைக்கு அப்படித் தேடும் ஆட்கள் இருக்கிறார்கள். கணக்கெடுப்பு இருக்கிறது, சிவப்புப் பட்டியல் இருக்கிறது. குட்டையோடு சேர்ந்து போகும் வண்டை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு குட்டை நிரப்பப்பட்டால் அந்தக் கரையின் முதிர்ந்த எபோமிஸ்கள் பூச்சி தின்று சில காலம் ஓட்டிவிடும். அவை இடும் முட்டைகளிலிருந்து வரும் புழுக்களுக்கு அந்தக் கரையில் உணவு இருக்காது.